இந்தப் பக்கம் தள்ளு

மவுஸின் அம்புக்குறி திரையின் இடது ஓரத்தில் நிற்கவில்லை. முட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. அவள் மவுஸை வலப்பக்கம் இழுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றையும் காணோம். பிறகு அதே ஓரத்திலிருந்து, கடைக்குப் போய்விட்டு வந்த ஆள் மாதிரி, அம்புக்குறி நிதானமாக உள்ளே வந்தது.

காலையிலிருந்தே இந்தக் கம்ப்யூட்டரோடுதான் மல்லுக்கட்டு. அதை இயக்கும் லினக்ஸ் தானாக ஏதோ அப்டேட் செய்துகொண்டது. அதிலிருந்து எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதிப்போய், வீட்டு பிளான் ஒன்றைத் திறந்தால் ஒரே ஒரு ஜன்னல்தான் திரையில் அடங்கியது. பிளான் வரைவது அவள் தொழில், பார்க்காமல் விட முடியாது. தம்பி போனில் சொல்லச் சொல்ல, திரையைக் கவனிக்கிற கிராஃபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளை நீக்கி, முந்தைய டிரைவரைப் போட்டு, மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து, மதியம் இரண்டரைக்கு ஒருவழியாக ரெசல்யூஷன் சரியானது. இப்போது இது.

"ரெண்டு திரை இருக்குன்னு காட்டுதுடா," என்றாள்.

"ரெண்டா? மாமாவோட மானிட்டர் இங்க என் கட்டிலுக்கு அடியில கிடக்குக்கா. நான்தானே தூக்கிட்டு வந்தேன்."

"தெரியும். பின்னாடி ஒயர்கூட இல்ல. கைவிட்டுத் தடவிப் பாத்துட்டேன்."

"அப்ப டிரைவர்தான் பழச நெனச்சுக்கிட்டு உளறுது. செட்டிங்ஸ்ல இடது பக்கத் திரைய ஆஃப் பண்ணு. இப்படியே வச்சுக்கவான்னு கேட்டு, இருபதுலேர்ந்து எண்ணும். அதுக்குள்ள 'வச்சுக்கோ'ன்னு அமுக்கிடு. அமுக்கலேன்னா தானா பழையபடி ஆயிடும்."

ஆஃப் செய்தாள். கேள்வி வந்தது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு. விரல் மவுஸின் மேல்தான் இருந்தது. பத்து. ஐந்து. பூஜ்யம். திரை ஒருமுறை இருண்டு பழையபடி ஆனது.

"அமுக்கிட்டியா?"

"ம்," என்று போனை வைத்தாள்.

நீளமான மேஜை, இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் அவள், இடது பக்கம் அவர். ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு திரை மாட்டி, புருஷனும் பெண்டாட்டியுமாக எட்டு வருஷம் பிளான் போட்டார்கள். அவளுக்கு ஒன்று பிடிபடாமல் முரண்டு பிடித்தால், "இந்தப் பக்கம் தள்ளு, நான் பாத்துக்கறேன்," என்பார். அந்த ஃபைலை மவுஸால் இழுத்து அவர் திரைக்குத் தள்ளிவிடுவாள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் சரிசெய்து, கீழ் மூலையில் சின்னதாக ஒரு பச்சை முக்கோணம் போட்டுத் திருப்பித் தள்ளியிருப்பார். முக்கோணம் இருந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

மூன்று மாதத்துக்கு முன் கார் லாரியில் மோதியபோது அவர் அங்கேயே போய்விட்டார். பின் ஸீட்டில் இருந்த மகள் நெற்றியில் ஐந்து தையலோடு தப்பித்தாள். வாயாடி என்று பேர் வாங்கிய குழந்தை, அன்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டையில் குறை ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாக்காரியும் இன்னும் அழவில்லை. யாராவது கிள்ளினால்கூட வலிக்காது போல, சாப்பிடுகிறாள், வரைகிறாள், படுக்கிறாள்.

இப்போது கையிலிருந்த பிளானில் மாடிப்படி ஒத்துவரவில்லை. எட்டாவது படியில் ஏறுகிறவன் தலை உத்தரத்தில் இடிக்கும். ஒரு மணி நேரம் மல்லாடினாள். கம்ப்யூட்டரின் மின்விசிறி உறுமிக்கொண்டிருந்தது, சூடான தூசியின் வாசனை அறையில் நின்றது, அவருடைய மானிட்டர் இருந்த இடத்தில் மட்டும் மேஜையின் நிறம் பளிச்சென்று சதுரமாகத் தெரிந்தது. யோசிக்காமல், கைப்பழக்கத்தில், ஃபைலை இழுத்து இடது ஓரத்துக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

தள்ளிய பிறகுதான் தோன்றியது, சே, புத்தி கெட்டுவிட்டது என்று.

ஃபைல் திரும்பி வந்தது. அவள் மவுஸைத் தொடவில்லை. படி ஒரு திருப்பம் திரும்பி, உத்தரத்தை விட்டு விலகி, பதினேழு படியாக அழகாக ஏறியது. கீழ் மூலையில் பச்சை முக்கோணம்.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அப்பாடா என்றிருந்தது, அவ்வளவுதான். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

நாலு மணிக்குப் பள்ளி வேன் வந்தது. மகள் பையைக் கழற்றிவிட்டு அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னடி சொல்லிக் குடுத்தாங்க இன்னிக்கு?"

மகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மான்னாவது சொல்லேன், தங்கம்."

குழந்தை எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளியில் போன வாரம் எடுத்த போட்டோ கம்ப்யூட்டரில் இருந்தது. அவள் அதைத் திறந்தாள். நெற்றியில் தழும்பு, இறுக மூடிய வாய். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை. மெல்ல இழுத்தாள். இடது ஓரம் வரைக்கும். அதற்கும் அப்பால்.

"இதையும் கொஞ்சம் பாருங்க," என்றாள், வாய்விட்டே.

பால் சுடவைக்கச் சமையலறைக்குப் போனாள். பால் பொங்கி வரும்போது, முன்னறையில் மின்விசிறியின் உறுமல் ஏறிக்கொண்டே போனது.

"பத்தொம்போது."

கரண்டி கையிலிருந்து நழுவியது. கீச்சென்ற குரல், கொஞ்சம் கரகரத்து. அவள் பெற்ற குரல்.

"பதினெட்டு. பதினேழு."

ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். பேசிவிட்டாள், என் கண்ணு பேசிவிட்டாள்! மூன்று மாதத்தில் முதல்முறையாகக் கண்ணில் நீர் முட்டியது. அவளுடைய திரை அணைந்து கன்னங்கரேலென்று இருந்தது. மகள் நாற்காலியில் முட்டி போட்டு, சுவரைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிப்பது போல எண்ணிக்கொண்டிருந்தாள். சுவரில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் முகத்தில் வெளிர்நீல வெளிச்சம் விழுந்தது.

"பதிமூணு. பன்னெண்டு."

எதை எண்ணுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. இப்படியே வச்சுக்கவா என்று கேட்டு எண்ணுகிற அதே எண்.

அமுக்கலேன்னா தானா பழையபடி ஆயிடும். தம்பி சொன்னான். யாரும் அமுக்காவிட்டால் போதும். பூஜ்யம் வந்ததும் எல்லாம் பழையபடி. இந்த வாயும் பழையபடி மூடிக்கொள்ளும்.

"ஒம்போது. எட்டு."

நாலடி வைத்தால் குழந்தையைத் தூக்கிவிடலாம். தூக்கினால் எண்ணுவதை நிறுத்திவிடுவாள். இன்னும் ஏழு எண். கேட்டுக்கொள்ளலாம். இன்னும் ஆறு.

"அஞ்சு."

அந்தக் குரல்.

"நாலு. மூணு."

டிக்.

மவுஸின் சத்தம். மவுஸ் அவள் கண்ணெதிரே மேஜையில் கிடந்தது. யாரும் தொடவில்லை. சத்தம் சுவர்ப்பக்கமிருந்து வந்தது.

வெளிச்சம் அணைந்தது.

"பாப்பா?"

நாற்காலி மெதுவாக அரைச் சுற்று சுற்றி அவளைப் பார்த்து நின்றது. காலி.

அடுப்பில் பால் தீயும் வாசனை. மின்விசிறி அடங்கிவிட்டது.

அவளுடைய திரை விழித்துக்கொண்டது. இடது ஓரத்திலிருந்து போட்டோ நிதானமாக உள்ளே வந்தது. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு, விழுந்த பல்லின் ஓட்டை தெரிய. நெற்றியில் தழும்பு இல்லை.

கீழ் மூலையில், சின்னதாக, ஒரு பச்சை முக்கோணம்.