முந்நூறு களவாக்களின் மூச்சு

மதியம் 1:35. லாரித் தொட்டியின் மூடியைத் திறந்த ஜின்-ஷுய் அப்படியே நின்றுவிட்டார். முந்நூறு களவா மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. பதினான்கு மாதம் குளத்தில் வளர்த்தவை. தண்ணீருக்குக் காற்றூட்டும் பம்ப் சத்தமின்றிக் கிடந்தது.

"சியு-லுவான்! வெளிய வாடி!"

ஃபாங்லியாவ் மீன்சந்தைத் தெருவே திரும்பிப் பார்த்தது. எதிரே வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் கடையிலிருந்து சியு-லுவான் வந்தாள்.

"வண்டியை நிறுத்தினதும் பம்பும் நிக்கிற மாதிரி வயர் குடுத்திருக்கியே, கண்ணை எங்கடி வெச்சிருந்தே? கொலைகாரி!"

இருபத்திரண்டு வருடத் தொழில். அந்த ஒரு சொல்லில் அவளுக்குக் காது மடல்வரை கொதித்தது.

"வார்த்தையை அளந்து பேசுங்கண்ணே. வயர் மாட்டி மூணு வாரமாச்சு. ஏழு நடை போயாச்சு. ஒரு மீன் செத்துச்சா? பம்புக்கு நேரா பேட்டரியில இருந்து குடுத்தேன். மத்ததெல்லாம்தான் சாவியோட அணையும்."

"இப்ப சாவி அணைஞ்சிருக்கு. பம்ப் ஓடுதா?"

ஓடவில்லை. சியு-லுவான் படியில் ஏறி ஓட்டுநர் அறைக்குள் தலையை நீட்டினாள். சீட்டில் மரமணி கோத்த விரிப்பு. வெளியே இலை அசையாத வெயில். உள்ளே கண்ணாடியில் தொங்கிய கோயில் தாயத்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

1:42. ஓட்டுநர் குவோ-தோங் நிழலில் நின்றான். இடுப்பில் சாவிக்கொத்து. இடது கன்னத்தில் வரிசை வரிசையாக அழுந்திய வட்டத் தடம்.

"வழியில எங்க நிறுத்தினே?" சியு-லுவான் கேட்டாள்.

"பாலத்துக்கிட்ட. பன்னெண்டு மணிக்கு."

"எதுக்கு?"

"மீனுருண்டை சூப் குடிக்கக்கா. ஒண்ணு இருபதுக்குத் திரும்பி வந்தேன்."

"வண்டி?"

"பூட்டியிருந்துச்சு. சாவி என்கிட்டதான். பேட்டரி செத்து பம்ப் நின்னிருக்கும்."

"வண்டி எத்தனை திருப்புல கிளம்புச்சு?"

"ஒரே திருப்புல."

"செத்த பேட்டரியா ஒரே திருப்புல கிளப்பும்?"

அவள் ஜின்-ஷுய் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உள்ள பாருங்க. தாயத்து ஏன் ஆடுது?"

அவர் எட்டிப் பார்த்தார். "விசிறி ஓடுது."

"சாவி இவன் இடுப்புல இருக்கு. நான் மாட்டின விசிறி, சாவியோட அணையணும். அணையவேண்டியது ஓடுது, ஓடவேண்டியது அணைஞ்சிருக்கு."

ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் பிடுங்கினாள். பம்பின் வயருக்கு அவள் சிவப்பு டேப் சுற்றியிருந்தாள். அந்தச் சிவப்பு வயர், விசிறியின் துளையில் சொருகியிருந்தது. விசிறியின் வயர் பம்பின் துளையில்.

"ரெண்டு வயருக்கும் ஒரே மாதிரி முனை. மாத்திச் சொருக ஒரு நிமிஷம் போதும். பூட்டின வண்டி, சாவி இவன்கிட்ட. சூப் குடிச்சவன் கன்னத்துல சீட்டு விரிப்போட மணி எப்படிடா பதியும்? நீ உள்ளதான் படுத்துத் தூங்கினே. உனக்குக் காத்து வேணும்னு மீனோட காத்தைப் புடுங்கினே!"

"நேத்துதான் மாத்தினேன்கா. சூடு தாங்கல. அரை மணி நேரம் மீன் தாங்கும்னு நினைச்சேன்... கண்ணசந்துட்டேன்."

"தெரிஞ்சே செஞ்சியாடா? கேட்டிருந்தா விசிறிக்குத் தனியா ஒரு வயர் இழுத்திருப்பேனேடா, பாவி! நான் பழி சுமக்கும்போது வாயை மூடிட்டு நின்னியே!"

ஜின்-ஷுய் அவன் இடுப்பிலிருந்து சாவியைப் பறித்தார். "நடந்தே போ. என் கண்ணுல படாதே."

அவன் போனதும் அவர் குரல் தாழ்ந்தது. "தங்கச்சி... கோபத்துல ஏதோ..."

"கொலைகாரின்னு தெரு கேக்கக் கத்தினீங்க. இதையும் கத்திச் சொல்லுங்க."

சந்தை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜின்-ஷுய் நெற்றி வியர்வையைத் துடைத்தார். தெரு நடுவே வந்து நின்றார்.

"சியு-லுவான் வேலையில தப்பில்ல! தப்பா பேசினது நான்!"

அவள் மீன்வலையை எடுத்துக்கொண்டு, செத்தவற்றை அள்ளத் தொட்டிமேல் ஏறினாள்.