ஜாடியிடம் சொன்ன கனவு

விழித்ததும் பிரானி முதலில் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. ஆனாலும் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல ஒரு ருசி. பக்கத்தில் ஏழு வயது மகள் ஃபா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

கனவில் கீழ்ப்பல் ஒன்று ஆடி, உள்ளங்கையில் விழுந்தது. சூடாக இருந்தது. குளியலறை வாசலில் யாரோ ஈரத்தலையோடு முதுகு காட்டி நின்று, பின்பக்கமாகக் கையை நீட்டி, "குடு" என்றார்கள். கொடுப்பதற்குள் விழித்துவிட்டாள்.

அந்தத் தெருவில் இதற்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. மேல்பல் விழுந்தால் பெரியவர்களுக்கு ஆகாது, கீழ்ப்பல் விழுந்தால் பிள்ளைகளுக்கு. பரிகாரமும் எல்லோருக்கும் தெரியும். மனிதர்களிடம் வாய் திறக்கும் முன் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரிடம் கனவைச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும்.

பிரானி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திருகினாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. இன்று முழுக்கத் தண்ணீர் வராது என்று நேற்றே ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். உள்ளே ஃபா புரளும் சத்தம். எழுந்து "அம்மா" என்றால் பதில் சொல்ல வேண்டுமே. பதற்றத்தில், மூலையில் நின்ற இடுப்புயர மண்ஜாடியின் மூடியை நகர்த்தி, கருத்த தண்ணீர் மேல் குனிந்து, ஒன்று விடாமல் கிசுகிசுத்தாள். மூடியதும் பாரம் இறங்கியது போலிருந்தது. தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

பகல் முழுக்கத் தையல் மிஷின் ஓடியது. அது நின்ற இடைவெளிகளில், குளியலறைப் பக்கமிருந்து மண்மேல் மண் உரசுவது போல, யாரோ கனமான மூடியை மெல்ல, மிக மெல்ல நகர்த்திப் பார்ப்பது போல ஒரு சத்தம் வந்தது. கூடவே வற்றிய குளத்துச் சேற்றின் வாடை. எலி என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

நான்கு மணிக்கு ஃபா பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்தாள்.

"பசிக்குதும்மா. வாழைப்பழ பஜ்ஜி வாங்கி வையி, குளிச்சிட்டு வர்றேன்."

எதிர்வீட்டு வாசலில் பஜ்ஜி பொரித்துக்கொண்டிருந்த ஓய் அக்கா, பிரானியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு? கனவு கண்டியா? நம்பர் ஏதாவது தெரிஞ்சா சொல்லு, லாட்டரி வாங்கறேன். ஜெயிச்சா உனக்குப் பாதி."

"போக்கா. அதெல்லாம் காலையிலேயே தண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னிக்கு ஏது குழாயில தண்ணி?"

"ஜாடித் தண்ணிகிட்ட."

ஓய் அக்காவின் கரண்டி நின்றது. "தேங்கின தண்ணிகிட்டயா சொன்ன? ஓடுற தண்ணின்னா எடுத்துட்டுப் போயிரும். இது எங்கடி போகும்? உள்ளயேதான் கெடக்கும். ஓடு. ஒரு சொட்டு விடாம கொட்டு. யாரும் மேல ஊத்திக்கறதுக்குள்ள..."

பிரானி ஓடினாள்.

வீட்டுக்குள் மக்கால் மொண்டு ஊற்றும் சத்தம். சளப். சளப். அதற்கு நடுவே ஃபாவின் குரல். யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கீழ்ப்பல்லா?... சூடா இருந்துச்சா?"

"ஃபா! வெளிய வா! ஊத்தாத!"

சத்தம் நின்றது.

சேற்று வாடை. குளியலறைக் கதவு தானாகத் திறந்தது.

ஜாடி காலி. தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை.

வாசலில் ஃபா நின்றாள். ஈரத்தலை. முதுகு காட்டி.

கனவில் அந்த முதுகு எவ்வளவு உயரம் என்று காலையில் யோசிக்கவில்லை. இப்போது தெரிந்தது. தன் இடுப்புயரம்தான்.

"ஃபா... அம்மாவப் பாரும்மா."

திரும்பவில்லை.

பிரானியின் வாயில் துருவின் ருசி. நாக்கு தானாகப் போய்த் தொட்டது. கீழ்வரிசையில் ஒன்று ஆடியது. வாயை இறுக்கி மூடினாள். பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் பொத்தினாள். ஆட்டம் நிற்கவில்லை.

உள்ளங்கையில் விழுந்தது. சூடாக.

ஃபாவின் சின்னக் கை பின்பக்கமாக நீண்டு, விரல் விரலாக விரிந்தது.

"குடு."