ரீபாவுக்குக் கொஞ்சம் கஷ்டம் வேண்டும்

ஏரல் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ரீபாவுக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசை. கையை உயர்த்திப் பேசுவது, கழுத்து மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பது எல்லாம் கண்ணாடி முன்னால் பழகியாகிவிட்டது.

திங்கட்கிழமை தாணுமாலையன் சார் ஒரு பாடம் நடத்தினார். எல்லோருக்கும் சம உரிமை வேண்டும் என்று போராடிய ஒரு தலைவரைப் பற்றிய பாடம். சிறுவனாக இருந்தபோது அவரை வகுப்புக்கு வெளியே உட்கார வைத்தார்களாம்.

"சின்ன வயசுல பட்ட கஷ்டம்தான் அவரைத் தலைவராக்கிச்சு," என்றார் சார்.

ரீபாவுக்குப் பகீரென்றது. அவளிடம்தான் கஷ்டமே இல்லையே!

வீட்டுக்கு ஓடினாள். "அம்மா, எனக்குக் கஷ்டம் வேணும்."

"அங்கன பாத்திரம் கிடக்கு. தேய்ச்சு வையி."

"இது சின்னக் கஷ்டம்மா. பெருசா வேணும்."

"அப்போ உன் தம்பியைக் குளிப்பாட்டு ஏட்டி."

"அவ்வளவு பெருசு வேண்டாம்மா."

கடைசியில் தலையணை இல்லாமல் படுத்துப் பார்த்தாள். காலையில் கழுத்து சுளுக்கியிருந்தது. தலைவர் ஆன மாதிரித் தெரியவில்லை.

கோணிய கழுத்தோடு பள்ளிக்கூடம் போனாள். கழிப்பறை வாசலில் மாரிராஜ் வாளியும் விளக்குமாறுமாக நின்றான். அவனும் அவள் வகுப்புதான். தினமும் நடப்பதுதான். இன்றுதான் அவள் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"தெனமும் நீயே ஏன்லே கழுவுத?"

"எங்கப்பா தூய்மைப் பணியாளர்லா? அதனால எனக்கு நல்லா வரும்னு சார் சொல்லுதாரு."

"எங்கப்பா ஆட்டோ ஓட்டுதாரு. என்னை ஒருநாளும் ஆட்டோ ஓட்டச் சொல்லலையே!"

மாரிராஜ் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "இதை முடிச்சிட்டு வாரதுக்குள்ள பாதிப் பாடம் போயிருது. நேத்து பாடம் முடிஞ்சு அந்தத் தலைவர் படத்துக்கு மாலை போட்டது தெரியும். எதுக்குப் போட்டாங்கன்னு தெரியாது."

ரீபா விறுவிறுவென்று வகுப்புக்குப் போனாள். உள்ளே கோபம் கொதித்தது. முகத்தை மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டாள்.

"சார், எல்லாக் கஷ்டத்தையும் மாரிராஜுக்கே குடுக்கீங்க. அவன் மட்டும் தலைவராயிருவான். எங்களுக்கும் பங்கு வேணும்."

"எனக்கும் சார்!" என்று எழுந்தான் சிவகணேஷ்.

"எனக்கும் சார்!" என்றாள் அஸ்ஃபியா.

வகுப்பே எழுந்துவிட்டது. கடைசி பெஞ்சு முஆதுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்றே தெரியாது. ஆனாலும் இரண்டு பங்கு கேட்டான்.

சார் சாக்பீஸைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். ரீபாவை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வெளியே போனார்.

எல்லோரும் ஜன்னலில் தொங்கினார்கள். சார் மாரிராஜின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார்.

"இனிமே பிள்ளைங்க யாரும் இதைத் தொட வேண்டாம். நீ உள்ள போ."

சார் திரும்பி வந்தபோது பேண்ட் முழங்கால்வரை ஈரம்.

"கஷ்டமா இருந்துச்சா சார்?" என்றாள் ரீபா.

"கஷ்டம்தான்."

"அப்போ நீங்களும் தலைவராயிருவீங்க சார்."

சார் புத்தகத்தை எடுத்தார். நேற்றைய பாடத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினார். மாரிராஜ் முன்பெஞ்சில் உட்கார்ந்து, வாயைப் பிளந்தபடி கேட்டான். பாடம் முடிந்ததும் கையைத் தூக்கினான்.

"சார், அந்தப் பையனை வெளிய உட்கார வச்ச வாத்தியாரு பேரு என்ன சார்?"

சார் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"யாரும் எழுதி வைக்கலைடே," என்றார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பைய முணுமுணுத்தார்: "நல்லவேளை!"