பதவியேக்கம்

பொழுது விடிந்ததும் நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் மனுதாரிகள் வந்து வரிசையில் நின்றன. கதவு திறந்ததும் முதல் மனுதாரி அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அடுத்தது நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தது. அதற்கடுத்தது, "தெய்வமே, உங்களை விட்டா எங்களுக்கு யாருங்க இருக்கறாங்க?" என்று தழுதழுத்தது. கண்ணீர்க் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டிருந்ததால் அதன் வலக்கண் மட்டும் அழுதது.

செவ்வாய்க் கோளின் புதுப்பவானிக் குமிழ் நகரில் இதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசு இலவசமாகச் செய்யும் வைத்தியம் இது. தேர்தலை ஒழித்துவிட்டு, உறுப்பினருக்குப் பதிலாகத் தொகுதிக்கு ஒரு நிகராளி இயந்திரத்தை அமர்த்தியபோது, பழைய உறுப்பினர்கள் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் வாடிப்போனார்கள். மருத்துவர்கள் அதற்குப் பதவியேக்கம் என்று பெயர் வைத்தார்கள். மருந்து, தினமும் காலையில் நாலைந்து மனுக்கள். வேட்டி சேலை கட்டிக்கொண்டு, நாளுக்கொரு முகத்தோடு வரும் மனுதாரிகள் அதற்காகவே செய்யப்பட்ட இயந்திரங்கள். அச்சு அசல் மனிதர்கள் போலவே இருக்கும்.

நாச்சிமுத்துவுக்கு மருந்து பிடித்திருந்தது, நோய்தான் தீரவில்லை. மூன்று முறை உறுப்பினராக இருந்தவர். குழாய் ரயிலைப் புதுப்பவானி வரைக்கும் இழுத்து வந்த மனிதர். அந்த நாளில் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் கூடம் நிறைந்துவிடும். வியர்வையும் சம்பங்கி மாலையும் கலந்து ஒரு வாசனை அடிக்கும். பிறந்த குழந்தையை அவர் கையில் திணித்து, பேர் வைத்தால்தான் ஆச்சு என்று நிற்பார்கள். அது அவர் சட்டையை நனைத்துவிடும். அப்போதெல்லாம் எப்போதடா இந்தக் கூட்டம் தொலையும் என்று இருந்தது அவருக்கு. இப்போது, ரத்தமும் சதையுமாக ஒரே ஒரு ஆள், 'உங்களால ஒரு காரியம் ஆகணுங்க' என்று இன்னொரு முறை வந்து நிற்க மாட்டானா என்று ஏங்கினார். சாவதற்குள் அது ஒன்று போதும்.

அன்று வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். பொன்னாடை கொண்டுவரவில்லை. கும்பிடவும் இல்லை.

"எம்பேரு மயிலாத்தாளுங்க. கிழக்கு வரிசையில வீடு. காத்துக் குழாய் ஒழுகுதுங்க. கொழந்தைங்களுக்கு மூச்சு இழுத்து இழுத்து வாங்குது. நீங்க இருந்தப்பப் போட்ட குழாய்தானுங்க அது."

நாச்சிமுத்துவின் முகம் கடுத்தது. குறை சொல்லும் மனுதாரியை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"மனுவ வெச்சுட்டுப் போம்மா. ஆவன செய்யப்படும்."

"எப்பங்க?"

எதிர்க்கேள்வி வேறா? அவர் விருட்டென்று உள்ளே போனார். மனுதாரிகளை அனுப்பும் நிலையத்தைக் கூப்பிட்டு, "மரியாதை தெரியாத ஒண்ண அனுப்பியிருக்கீங்க. நாளைக்கு வேற மாத்திடுங்க" என்று பொரிந்தார். நிலையம் என்ன ஏது என்று விசாரிக்காமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

வாசலுக்கு வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்பினால் அவர் மனைவி பாவாயிக்கு மனசு ஆறாது. இயந்திரமானாலும் கொடுப்பாள். அவை தம்ளரைப் பணிவாக வாங்கி, அப்படியே கீழே வைத்துவிட்டுப் போகும். தம்ளர்களை எடுக்கப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, கடைசியா வந்த பொண்ணு தம்ளர்ல காபி இல்லீங்களே."

"கொட்டியிருக்கும் புள்ள."

"இல்லீங்க, குடிச்சிருக்குது. அடிச்சக்கரைகூட மிச்சமில்ல."

நாச்சிமுத்து போட்டது போட்டபடி தெருவில் இறங்கி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடியதைத்தான் புதுப்பவானி அன்று வேடிக்கை பார்த்தது.

மயிலாத்தாள் குழாய் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி, நீ மனுசிதானா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அத நானுங்க உங்களைக் கேக்கோணும். முதல்ல நிகராளிகிட்டப் போனனுங்க. 'மனுவ வெச்சுட்டுப் போம்மா, ஆவன செய்யப்படும்'னு சொல்லுச்சு. மிஷினு அப்படித்தான் சொல்லும், மனுசங்ககிட்டப் போய்ச் சொல்லலாம்னு உங்களைத் தேடி வந்தேன். நீங்களும் எழுத்துப் பிசகாம அதையே சொல்றீங்க."

நிகராளிகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது பழைய உறுப்பினர்களின் பேச்சுப் பதிவுகளை வைத்துத்தான். அதில் தன் குரல் அதிகம் என்று நாச்சிமுத்து ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொண்டதுண்டு. இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்தையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எதிரே ஓர் உயிருள்ள மனுஷி அவர்மேல் கோபப்படுகிறாள். எத்தனை வருஷமாயிற்று!

"நானே வர்றேன் அம்மிணி. இப்பவே வர்றேன். சரி பண்ற வரைக்கும் அங்கயே குந்திக்கறேன்."

சொன்னபடியே போனார். கிழக்கு வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துருப்பிடித்த குழாய்க்கடியில் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். விரிசல் வழியே காற்று கசிந்து அவர் உள்ளங்கையில் சில்லென்று பட்டது. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இருமியது. அவர் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், தெருவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றது. எல்லாரும் மனிதர்கள். அத்தனை முகங்களையும் பார்த்து அவர் கைகூப்பினார். நிஜமாகவே கூப்பினார்.

யாரும் பதிலுக்குக் கும்பிடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெரியவர் மட்டும் மயிலாத்தாள் பக்கம் சாய்ந்து, கலவரத்தோடு கேட்டார்.

"ஏம்மிணி, மறுபடியும் எலெக்‌ஷன் வருதா?"