போயிட்டு வாங்க

வாசல் மண்ணில் துளைகள் இருந்தன. விரல் நுழையும் அகலத்தில், சாணுக்கு ஒன்றாக, கேட்டிலிருந்து வீட்டை நோக்கி ஒரே கோட்டில். வேங்கிக்காலில் வயலை மேடாக்கிப் புதிதாகப் போட்ட மனைகளில் நண்டு வளை சகஜம்தான் என்று அன்புச்செல்வி மண்ணைத் தள்ளி மூடினாள். மறுநாள் துளைகள் திரும்ப இருந்தன. கோடு வாசற்படி வரைக்கும் நீண்டிருந்தது.

கணவன் முருகவேல் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பட்டாளத்தில் அவன் சமையல்காரன். துப்பாக்கி தூக்குகிறவனுக்குத்தான் ஆபத்து, கரண்டி பிடிக்கிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அவளும் அதை நம்பித்தான் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கினாள். 2002-ல் அவனுடைய பட்டாளம் ராஜஸ்தான் எல்லைக்குப் போய் மணலில் கண்ணிவெடி புதைத்தது. புதைக்கிறவர்களுக்குச் சோறு கொண்டுபோவது அவன் வேலை. கடைசி லீவில் அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"வெள்ள நாடா கட்டின வழியிலதான் போவணும். சந்தேகமா இருந்தா கம்பியால மண்ண குத்திப் பாத்துட்டு கால வைக்கணும். நம்மகிட்ட கம்பி ஏது? கரண்டிதான்."

ஒரு நாள் மணற்காற்றில் நாடா இடம் மாறிக் கிடந்தது. சோற்று வாளியோடு அவன் நாடாவை நம்பி நடந்தான்.

ஆணி அடித்த பெட்டி வந்தது. கூடவே வந்த ஹவில்தார் திறக்க வேண்டாம் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. தூக்கினவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையிலேயே தெரிந்துவிட்டது, பெட்டியில் ஓர் ஆளின் கனம் இல்லை.

துளைகளைப் பற்றி அடுத்த வீட்டுச் சந்திரம்மாளிடம் சொன்னபோது அவள் முகம் வெளுத்தது.

"ஏன் செல்வி, பெட்டிய தூக்கும்போது நீ இன்னா சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்லக்கா."

"'போயிட்டு வாங்க'ன்னு சொன்னடி. சாவு வூட்டுக்கு வந்தவங்களே சொல்லிக்காம போறாங்க, எதுக்கு? நீ பொணத்த பாத்து வான்னுட்டியே!"

"பஸ் ஸ்டாண்டுல எப்பவும் அதானேக்கா சொல்வேன். வாய் தவறி வந்துட்டுது."

"இனிமே ஏதாச்சும் தெரிஞ்சா 'போங்க'ன்னு சொல்லிடு. வான்னு மட்டும் சேக்காத."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அன்புச்செல்வி மனதைத் தேற்றிக்கொண்டாள். நான்கு வயது மகள் ஓவியாவை மட்டும் அதன்பிறகு வாசலில் விளையாட விடவில்லை.

பௌர்ணமியன்று சாயங்காலம் சந்திரம்மாள் வீட்டார் மலை சுற்றப் போய்விட்டார்கள். தெருவே காலி. தூரத்தில் பஸ்கள் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த இரைச்சல் மட்டும் காற்றில் ஏறி இறங்கியது. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. ஓவியா இலவம்பஞ்சு மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மெழுகுவத்தியைப் பற்றவைத்த அன்புச்செல்வியின் மூக்கில், அடி பிடித்த பருப்பு வாசனையும், லீவுக்கு வரும்போது அவன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் கடுகெண்ணெய் வாசனையும் சேர்ந்து ஏறின. அவள் அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

டக்.

இரும்பு சிமெண்டைத் தொடும் சத்தம். பிறகு எதையோ இழுக்கும் சத்தம், ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல. பிறகு மறுபடி டக். வாசற்படி. டக். கதவு தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

டக். உள்ளே.

"ஏங்க," என்றாள்.

அவசரமே இல்லை. குத்துவது, நிற்பது, இழுப்பது. வழி தேடுகிறான். கால் வைக்க இடம் தேடுகிறான், வைக்கக் கால் இல்லாமல். மெத்தையின் ஓரத்தில் ஒரு குழி விழுந்தது. அதை அடுத்து இன்னொன்று. மூன்றாவது குழி ஓவியாவின் கெண்டைக்காலில் விழுந்தது. சதை மெல்ல உள்ளே அமுங்கி, வெளுத்து, அப்படியே நின்றது. குழந்தை தூக்கத்தில் முனகினாள்.

எத்தனையோ தடவை வழியனுப்பியிருக்கிறாள். ஒரு தடவைகூட வெறும் 'போங்க' என்று சொன்னதில்லை. இன்னொரு தடவை அவன் முகத்தைப் பார்க்கமாட்டோமா என்று இந்த ஒரு மாதமாக ஏங்கியவளும் அவள்தான். குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"போங்க," என்றாள். "போயிடுங்க."

சத்தம் நின்றது.

டக். தள்ளி. டக். இன்னும் தள்ளி. நிலைப்படி வரைக்கும் போயிற்று. அவள் வாய்விட்டு அழுதாள், பயத்தில் பாதி, விரட்டிவிட்ட பாவத்தில் பாதி.

அழுகையில் ஓவியா விழித்துக்கொண்டாள். கதவுப்பக்கம் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் உட்காரவைத்து அம்மா கற்றுக்கொடுத்தபடியே, கையைத் தூக்கி ஆட்டினாள்.

"அப்பா, போயிட்டு வா."

அன்புச்செல்வி அவள் வாயைப் பொத்தினாள். பொத்தியபோது சொல் வெளியே போய்விட்டிருந்தது.

டக்.

இந்தப் பக்கம்.

டக். டக். டக். இப்போது இடையில் நிறுத்தமே இல்லை. வழி தெரிந்துவிட்டது.

ஓவியாவுக்கு அந்தப்புறம் தலையணை அமுங்கியது. பிறகு மெத்தை அமுங்கியது, தோள் அகலத்துக்கு, முதுகு நீளத்துக்கு.

இடுப்போடு நின்றது.