கண் போகும் பக்கம்

"ஏங்க, கையைக் கொஞ்சம் தூக்குங்க" என்று கூடத்திலிருந்து தன்னுடைய குரலே கேட்டபோது, அவள் சமையலறையில் வாய் திறக்காமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கணவருக்கு மருத்துவமனை கொடுத்த பயிற்சிப் பாடம் அது. கூடத்துத் திரையில் படம், பேச்சு, பாட்டு எல்லாம் அதுவாகவே உருவாகும். பார்ப்பவர் கண் எதில் நிற்கிறதோ அதைக் கூட்டும், விலகினால் மாற்றும். முதல் வாரம் திரையில் ஒரு நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தாள். அடுத்த வாரம் அந்த நர்ஸுக்கு இவளுடைய மூக்குக்கண்ணாடி வந்தது. அப்புறம் இவளுடைய முகம். இப்போது குரலும்.

மருத்துவமனைப் பயிற்சியாளருக்குப் போன் போட்டாள்.

"நல்லதுதானேம்மா? அவருக்குப் பிடிச்ச மாதிரி மாத்திக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை பேசறதில்ல சார். அதுகிட்ட மட்டும்தான் பேசறார்."

"டிவி மேல போய் பொறாமையா?" என்று சிரித்தார் அவர்.

முன்பு ஒருநாள் அதை அணைத்தும் பார்த்திருந்தாள். கணவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீடே கூடிவிட்டது.

போனை வைத்தபோது, மின்விசிறியின் கிறீச்சொலிக்கும் தைல வாடைக்கும் நடுவே, கூடத்தில் அந்தக் குரல் முதலில் கொஞ்சலாகவும் பிறகு கெஞ்சலாகவும் கடைசியில் விம்மலாகவும் "தூக்குங்க, தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஓடினாள். திரையில் கடல், கல்யாணக் கோலம், மகளின் பிஞ்சுப் பாதம் என்று படங்கள் தாறுமாறாக மாறின. எதையோ தேடுவதுபோல.

கணவரின் கண்கள் திறந்திருந்தன. அசையவில்லை.

கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு அதில் அவர் வந்தார். நேராக நடந்து. இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு.

"வா, இப்படி உட்காரு. நாம பேசி எத்தனை நாளாச்சு!"

அவள் முகத்தைத் திருப்பினாள். திரையில் அவர் குரல் உடைந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

சுவிட்ச் மூன்றடி தள்ளி இருந்தது. அவள் எழவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கியது. பிடித்திருந்த கை விறைத்தது.

வாசல் கதவு தட்டப்பட்டது. "அம்மா! போனை ஏன் எடுக்கல? கதவைத் திறம்மா!"

மகள். இவள் கண் வாசல் பக்கம் போனது.

உடனே திரையிலும் ஒரு கதவு தெரிந்தது. அது திறந்தது. மகள் சிரித்தபடி உள்ளே வந்து அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இவள் கண் திரைக்குத் திரும்பியது.

வெளியே மகள் கதவை இடித்துக்கொண்டே இருந்தாள்.