கறுப்பு உடுப்புக்காரி

பள்ளிக்கூடம் விட்டதும் ஹில்கே நேராக அருங்காட்சியகத்துக்குத்தான் போவாள். அங்கே அவள் அம்மா ரென்ஸ்கே பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீராக்கும் வேலை பார்த்தார். அப்பா கப்பலில் வேலை செய்தார். ஊருக்கு வர ஆறு மாதம் ஆகும்.

கீழ்த்தளத்தில் கறுப்பு உடுப்புப் போட்ட பெண்ணின் ஓவியம் ஒன்று இருந்தது. கையில் ஓர் ஆணின் வலது கையுறை. அடியில் ‘விதவை’ என்று எழுதியிருந்தது. கையுறை வெறுமையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் உள்ளே யாரோ கை விட்டிருப்பதுபோல விரல்கள் புடைத்திருந்தன.

செவ்வாய்க்கிழமை மடங்கியிருந்த சுட்டுவிரல், வியாழக்கிழமை நிமிர்ந்து மாடியைக் காட்டியது. ஹில்கே அம்மாவிடம் சொன்னாள். கண் டாக்டரிடம் போகலாம் என்றார் அம்மா.

அந்த அறையில் குளிர்கிறது, பின்னால் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் புகார் சொன்னார்கள். நிர்வாகி தெர்ப்ஸ்ட்ரா, மறுநாளே ஓவியத்தை நிலவறையில் வைத்துப் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்.

“அங்க ஒரு விளக்குகூட இல்லையேம்மா,” என்றாள் ஹில்கே. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பாவமாக இருந்தது.

விரல் காட்டிய பக்கம் அவள் மாடி ஏறினாள். குளிர்காலம் என்பதால் நான்கரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. கடைசிச் சுவரில் ஓர் இளைஞனின் ஓவியம், பின்னால் கப்பல். பெயர் தெரியாதவராம். இடது கையில் கையுறை இருந்தது. வலது கை வெறுமையாக, குளிரில் சிவந்திருந்தது. கையுறை ஓரத்தில் மஞ்சள் நூலால் தைத்த பறவை. கீழே இருக்கும் கையுறையிலும் அதே பறவைதான்!

அப்பா போனில் பேசும்போதெல்லாம், தனக்கும் கையுறையோடுதான் கல்யாணம் ஆனது என்று அம்மா கிண்டல் செய்வார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை தூரதேசத்தில் இருந்தால், அவன் கையுறையை வைத்துக்கொண்டே பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். இந்த ஓவியத்தோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றத்தான் இல்லை.

ஹில்கே இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

“சார், அவங்க விதவை இல்ல. கல்யாணப் பொண்ணு. மாப்பிள்ளை மாடியில இருக்காரு.”

“கறுப்பு உடுப்பு போட்டிருக்காளேம்மா?” என்றார் தெர்ப்ஸ்ட்ரா.

“அப்பல்லாம் கல்யாணத்துக்கே கறுப்புதான் சார். அந்தத் துணிதான் ரொம்ப விலை,” என்ற அம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. “எனக்கு இது தோணியிருக்கணும்.”

தெர்ப்ஸ்ட்ரா முனகினார். “சரி, பக்கத்துல மாட்டிப் பாப்போம். சரிப்படலைன்னா ரெண்டு பேருமே நிலவறைக்கு.”

மாப்பிள்ளையை இடப்பக்கம் மாட்டினார்கள். இருவர் பார்வைகளும் ஒன்றையொன்று சந்தித்தன. கையுறையின் விரல்கள் மெல்லத் தளர்ந்து தட்டையாயின. ஹில்கே அதைத் தன் கண்ணால் பார்த்தாள். தெர்ப்ஸ்ட்ரா புழுக்கமாக இருக்கிறது என்று கோட்டைக் கழற்றினார். நிலவறையைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

அம்மா அறையின் விளக்கை அணைத்தார். “சமத்துடி நீ. சாருக்கு அழகா நன்றி சொன்னியே, கேட்டேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலையேம்மா.”

அம்மா சட்டென்று திரும்பினார். பிறகு இருட்டைப் பார்த்து, “நல்லா இருங்க ரெண்டு பேரும்,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, ஹில்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.